ஒரு கோரையின் முகவரி

ஹோட்டன் சமவெளியின் ஓடைகள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாறை இடுக்குகளில் பாய்கிற நீர் வளைவுகளில் தயங்கி நிற்கும். அப்படித் தயங்குகிற இடங்களில், நீருக்குள்ளே பச்சை நூல்கள் கும்பலாக அசைவதைக் காணலாம். பாசி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். ஆனால் அது பூத்துக் காய்க்கும் தாவரம். கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியற் பெயர் ஐசோலெப்பிஸ் ஃப்ளூயிட்டன்ஸ். வசதிக்காக இந்த அத்தியாயத்தில் அதை மிதக்கும் கோரை என்று அழைப்போம்.

இந்தச் செடிக்கு அழகிய பூ இல்லை. தண்டின் நுனியில் ஒரேயொரு சிறு கதிர் இருக்கும். அதன் நீளம் அரைச் சென்ரிமீற்றரையும் எட்டாது. மணமில்லை, மருந்துக்கு ஆகாது, பாய் முடையவும் ஆகாது. இருந்தும் சமவெளியின் நீர்த் தாவரங்களைப் பற்றிய விவரிப்புகளில் இதன் பெயர் தவறாமல் வருகிறது. கவனிக்க யாருக்கும் காரணமில்லாத ஒரு செடி இன்ன மலையில் இருக்கிறது என்று அறிவியல் எப்படி உறுதியாகச் சொல்கிறது? யாரோ எப்போதோ அதைப் பறித்து, உலர்த்தி, ஒரு தாளில் ஒட்டி, ஓரத்தில் நான்கு வரி எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நான்கு வரிகள்தான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

புல்லைப் போல், புல் அல்லாமல்

கோரைகளைப் பலரும் புல்லோடு சேர்த்தே எண்ணுவார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுக்கிடையே உள்ளீடற்றிருக்கும். கோரையின் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். உள்ளே சோறு நிறைந்திருக்கும். புல்லின் இலைகள் தண்டில் இரண்டு வரிசையாக ஏறும், கோரையின் இலைகள் மூன்று வரிசையாக. விதிவிலக்குகள் உண்டு, நூல் போல மெலிந்த மிதக்கும் கோரையில் மூன்று விளிம்பைத் தேடுவது வீண்.

உலகில் ஏறத்தாழ 5,500 கோரை இனங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 2,000 கேரெக்ஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நுவரெலியாவைச் சுற்றிய ஈரமான புல்வெளிகளில் கேரெக்ஸ் இனங்கள் பல வளர்கின்றன. தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். இனம் பிரிக்க முதிர்ந்த காய் வேண்டும், அதைப் பொதிந்திருக்கும் சிறு உறை வேண்டும், வேர்க்கிழங்கோடு அடித்தண்டும் வேண்டும், கூடவே உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து இது இன்ன கோரை என்று சொல்லிவிட முடிவது அரிது. அதனால்தான் கோரைகளைப் பொறுத்தவரை உலர்தாவரகத்தின் தேவை மற்றச் செடிகளுக்கு இருப்பதைவிடக் கூடுதல்.

தாளில் ஒட்டிய செடி

உலர்தாவரகம் என்பது உலர்த்திய தாவரங்களின் ஆவணக் காப்பகம். இலங்கையின் தேசிய உலர்தாவரகம் பேராதனையில் இருக்கிறது. உலகத் தாவரவியலாளர்கள் அதை பி.டி.ஏ. என்ற மூன்றெழுத்தால் குறிப்பிடுவார்கள்.

பார்வைக்கு வேலை எளிது. செடியைப் பறித்து, பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, பாரம் ஏற்றி, ஈரம் உறிஞ்சிய தாள்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், வெள்ளாப்பில் பனிமூட்டம் இறங்கும் சமவெளியில் இது எளிதல்ல. தாளே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் அசட்டையாக இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அடுப்பனலோ மின்சூடோ இல்லாமல் அங்கே நல்ல மாதிரி செய்வது கடினம்.

மிதக்கும் கோரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நீரிலிருந்து தூக்கியவுடன் அதன் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதற்கொரு பழைய உத்தி இருக்கிறது. தட்டில் நீர் ஊற்றி, செடியை அதில் மிதக்கவிட்டு, அடியிலே தாளை நுழைத்து, கிளைகளைக் குச்சியால் விரித்துவிட்டுத் தாளை மெல்ல உயர்த்துவார்கள். நீர் வடியும், செடி விரிந்தபடியே தாளில் படிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி, தாளின் கீழ் மூலையில் ஒட்டும் சிறு சீட்டு. எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன மாதிரி நிலம், என்ன தேதி, யார் சேகரித்தது, அவருடைய எத்தனையாவது மாதிரி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். உலர்ந்த செடி சொல்ல முடியாதவற்றையும் சீட்டுத்தான் சொல்ல வேண்டும். மிதக்கும் கோரை ஆழமான நீரில் நீண்டு கிளைத்து மிதக்கும். நீர் வற்றினால் அதே செடி சேற்றில் குட்டையாகப் படரும். நீரிலா, சேற்றிலா என்று சீட்டில் இல்லாவிட்டால், பின்னாளில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் அவை இரண்டு இனம் என்றே எண்ணக்கூடும்.

மூடியிருந்த மலை

இலங்கைத் தாவரங்களின் பழைய பெரிய தொகுப்பு பவுல் ஹெர்மன் சேர்த்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் கொழும்பில் இருந்தவர் அவர். அவருடைய தொகுப்பை வைத்துத்தான் லின்னேயஸ் 1747இல் 'ஃப்ளோரா ஸைலானிக்கா'வை எழுதினார். அந்தத் தொகுப்பு கரையோரத்தையும் அதையொட்டிய தாழ்நிலத்தையும் சார்ந்தது. மலையகம் கண்டி அரசின் கையில் இருந்தது. டச்சுக்காரர் நினைத்தபடி ஏறிப்போய்ச் செடி பறிக்கக்கூடிய இடமாக அது இருக்கவில்லை. மலைச்செடிகள் உலகத் தாவரவியலுக்குள் நுழைய 1815இல் கண்டி வீழ வேண்டியிருந்தது.

பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. 1830களில் பிரித்தானிய அதிகாரிகள் ஹோட்டன் சமவெளியை எட்டி, அன்றைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரை அதற்குச் சூட்டினர். சுற்றுக் கிராமத்தவர்க்கு அது அதற்கு முன்பே மஹாஎலிய. அதே காலப்பகுதியில் கேணல் வாக்கரும் அவருடைய மனைவியும் இலங்கையில் செடிகளைச் சேகரித்து ஸ்கொட்லாந்துக்கு அனுப்பிவந்தனர். மலைப்புல்வெளிக் கோரைகளில் ஒன்றான கேரெக்ஸ் வாக்கெரி அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிளாஸ்கோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஆர்னட் அதற்குப் பெயரிட்டார். அச்சில் வெளியிட்டவர் பிரான்சிஸ் பூட். கேரெக்ஸ் பேரினத்துக்கென்றே நூற்றுக்கணக்கான படங்களோடு பெருநூல் செய்தவர், லண்டனில் வாழ்ந்த இந்த அமெரிக்க மருத்துவர். இலங்கை மலைச் சதுப்பில் கால் வைக்காத ஒருவர், உலர்ந்த தாள்களை மட்டும் பார்த்து, மலைக் கோரையை உலகுக்கு அறிமுகம் செய்தார். உலர்தாவரகத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு செய்தியிலேயே இருக்கின்றன.

சி.பி. எண்களின் சிக்கல்

பேராதனையின் கண்காணிப்பாளராக 1844இல் வந்த ஜோர்ஜ் கார்ட்னர், பிரேசிலில் அலைந்து பெயர்பெற்றவர். 1849 மார்ச்சில் நுவரெலியா விடுதியில் திடீரென இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த துவெயிட்ஸ் 1880 வரை, முப்பது ஆண்டுக்கு மேல், அப்பொறுப்பில் இருந்தார். 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியல் இன்றும் ஆய்வாளர் கையில் இருக்கிறது.

துவெயிட்ஸ் செய்த பெரிய காரியம், மாதிரிகளைப் பல பிரதிகளாக்கி உலகின் உலர்தாவரகங்களுக்கு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் 'சி.பி.' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். இலங்கைத் தாவரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இப்போது சேகரிப்பாளர் எண் என்றால், ஒருவர் ஓர் இடத்தில் ஒரு நாளில் பறித்ததைக் குறிக்கும். துவெயிட்ஸின் எண்ணோ இனத்துக்கு உரியது. ஒரே இனமென்று அவர் கருதிய செடிகள், வெவ்வேறு மலைகளில் வெவ்வேறு ஆண்டுகளில் பறித்தவையாக இருந்தாலும், கார்ட்னர் காலத்தவையாகவே இருந்தாலும், ஒரே எண்ணின் கீழ் போயின. வெளிநாட்டுக்குப் போன பிரதிகள் பலவற்றில் இடம் என்று 'சிலோன்' மட்டுமே இருக்கிறது. பேராதனையில் தங்கிய பிரதிகளில்தான் பெரும்பாலும் ஊர்ப்பெயரும் ஆண்டும் கிடைக்கின்றன.

இதன் விளைவைக் கோரை ஆய்வாளர் நன்றாக அறிவர். வெளிநாட்டில் உள்ள ஒரு சி.பி. தாளை எடுத்து, இந்தக் கோரை 150 ஆண்டுக்கு முன் எந்த ஓடையில் இருந்தது என்று கேட்டால் பதில் வராது. செடி முழுதாக இருக்கிறது; காய் இருக்கிறது; மரபணுவைக்கூடப் பிரித்தெடுக்க முடியலாம். ஆனால் அது முகவரி எழுதாத கடிதம். 'சிலோன்' என்ற ஒரு சொல்லுக்குள் மன்னார் வறள்நிலமும் அடங்கும், பிதுருதலாகல மலையுச்சியும் அடங்கும்.

கோப்பிக்கு முன் என்ன இருந்தது?

ஊர்ப்பெயர் எழுதிய தாள்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மலையகத்துக்காரருக்கு உடனே விளங்கும். துவெயிட்ஸ், அவருக்குப் பின் வந்த ட்ரைமன் ஆகியோர் காலத்துச் சீட்டுகளிலும் நூல்களிலும் மீண்டும் மீண்டும் வரும் இடங்கள் றம்பொடை, மத்துரட்ட, அம்பகமுவ, ஹந்தானை. கொழுந்து லொறி போகிற பாதைகளின் பெயர்கள் இவை. அந்தச் சீட்டுகள் எழுதப்பட்ட காலத்தில்தான் இக்காடுகள் கோப்பிக்காக வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி தோன்றியது. துவெயிட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்தில் பூஞ்சண வல்லுநர் பெர்க்லிக்கு அனுப்பினார்; அதே ஆண்டில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பெயர் அச்சேறியது. ஒரு தேசத்தின் பொருளாதாரத்தைக் கவிழ்த்த நோய்க்கு அடையாளம் தந்ததும் உலர்ந்த இலைதான். இருபதாண்டுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பி, தேயிலை இரண்டுக்கும் வேரடியில் நீர் தேங்கக்கூடாது. சரிவெங்கும் கான் வெட்டி நீரை வடித்தார்கள். மலைக்குழிகளில் இருந்த சதுப்புகள் சுருங்கின. ஈரத்தை நம்பிய கோரைகளுக்கு இடம் குறைந்தது. வெட்டவெளியிலும் வளரும் சில கோரைகள் தேயிலைக்குள் களையாக நுழைந்து புல்லுவெட்டுக் கணக்கில் சேர்ந்தன.

1873இல் பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக்கூடாது என்று அரசு உத்தரவு பிறப்பித்தது. அந்த உயரத்துக்கு மேலும் தோட்டங்கள் இருப்பது உண்மையே. நுவரெலியா நகரே 1,868 மீற்றரில், அதாவது 6,000 அடிக்கு மேலே, இருக்கிறது. ஆனாலும் ஹோட்டன் சமவெளி தப்பியதில் அந்த உத்தரவுக்குப் பெரும் பங்குண்டு. 1988இல் அது தேசியப் பூங்காவானது. பரப்பு 3,160 ஹெக்டெயர். 2010இல் சிவனொளிபாதமலைக் காப்பகம், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஆக, பூங்காவின் எல்லை இயற்கை போட்ட கோடு அல்ல. எந்த உயரத்தில் கோடரி நின்றதோ அந்த உயரம். எல்லைக்கு மேலே இருப்பதை இன்றும் போய்ப் பார்க்கலாம். எல்லைக்குக் கீழே என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி, ஊர்ப்பெயர் எழுதிய அந்தத் தாள்கள்.

பெயர் மாறும், தாள் மாறாது

மிதக்கும் கோரைக்கு லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் ஸ்கிர்பஸ் ஃப்ளூயிட்டன்ஸ். ரொபர்ட் பிரவுன் 1810இல் அதை ஐசோலெப்பிஸ் பேரினத்துக்கு மாற்றினார். இடையில் வேறு பேரினங்களிலும் குடியிருந்துவிட்டு இன்று ஐசோலெப்பிஸ் என்ற பெயரிலேயே நிலைத்திருக்கிறது. ஐரோப்பாவின் அமிலத்தன்மையுள்ள குளங்களிலும், ஆபிரிக்க மலைகளிலும், ஆசியாவிலும், அவுஸ்திரேலியாவிலும் இதே இனம் வளர்கிறது. குளிர்நாட்டில் தாழ்நிலத்தில் இருப்பது வெப்பநாட்டில் மலையேறி நிற்கிறது. சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதும், ஓடை நீரில் சத்துகள் குறைவாக இருப்பதும் அதற்கு ஒத்துப்போகின்றன.

ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைநூலின் ஐந்தாம் பகுதியில் கோரைகள் வருகின்றன. 1896இல் ட்ரைமன் இறந்துவிட்டதால் ஹூக்கர்தான் அதை முடித்தார், 1900இல் வெளிவந்தது. பின்னர் தசநாயக்கவும் ஃபொஸ்பெர்க்கும் பதிப்பித்த திருத்திய கைநூலில் கோரைக் குடும்பத்தை எழுதியவர் டெட்சுவோ கோயாமா. 1985இல் வந்த அந்த ஐந்தாம் தொகுதியின் பெரும்பகுதி அவருடையது. ஒவ்வொரு இனத்துக்கும் கீழே தாம் பார்த்த மாதிரிகளை மாவட்ட வாரியாக, சேகரித்தவர் பெயரோடும் எண்ணோடும் அந்நூல் அடுக்குகிறது. யார் வேண்டுமானாலும் அதே தாளைத் திரும்ப எடுத்து, கோயாமா சொன்னது சரியா என்று பார்க்கலாம். பெயரில் கருத்து வேறுபடலாம். தாள் அப்படியே இருக்கும்.

தாளை உண்டாக்கியவர் நினைத்திராத கேள்விகளுக்கும் அது பதில் சொல்லும். 1987இல் இயன் வுட்வர்ட் என்ற ஆய்வாளர் பிரித்தானிய உலர்தாவரகத் தாள்களில் மர இலைகளின் சுவாசத் துளைகளை எண்ணினார். இருநூறு ஆண்டுகளில் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. காற்றில் கரியமிலவாயு கூடக்கூட இலைகள் துளைகளைக் குறைத்துக்கொண்டன. அந்த இலைகளைப் பறித்தவர்களுக்குக் காலநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் தேதி எழுதி வைத்தது.

வழித்தடங்களின் வரைபடம்

இனி எச்சரிக்கை. ஓர் இனத்தின் பதிவுகளை எல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், கிடைப்பது அந்த இனம் வாழும் இடங்களின் படம் மட்டுமல்ல. சேகரித்தவர்கள் நடந்த வழிகளின் படமும் அதில் கலந்திருக்கிறது. சமவெளிக்குப் போகிறவர்கள் பட்டிப்பொலவிலிருந்தோ ஒஹியவிலிருந்தோ ஏறுவார்கள். ஃபார் இன் என்ற கட்டடத்தருகே இறங்குவார்கள். உலக முடிவு என்னும் செங்குத்துச் சரிவுக்கும் பேக்கர் அருவிக்கும் போகும் பாதையில் நடப்பார்கள். பாதையோரம் புள்ளிகள் மொய்க்கும், உட்பகுதி வெறுமையாகத் தோன்றும். பருவமும் இப்படித்தான். அடைமழையில் யாரும் ஏறமாட்டார்கள். அந்த மாதத்தில் காய்க்கும் கோரை பதிவில் இராது.

மிதக்கும் கோரைக்கு ஓர் இடத்தில் பதிவு இல்லை என்றால், அது அங்கே இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. யாரும் நீருக்குள் கைவிட்டுப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பழைய பதிவு உள்ள ஓடையில் இன்று தேடியும் கிடைக்காவிட்டால்தான் கேள்வி எழ வேண்டும். ஐரோப்பாவின் சில பகுதிகளில் அப்படித்தான் எழுந்தது. வயல் உரம் கலந்து நீரில் சத்து மிகுந்ததும் வேகமாக வளரும் செடிகள் மேலோங்க, மிதக்கும் கோரை பின்வாங்கியது. பழைய தாள்கள் இருந்ததால் அந்தப் பின்வாங்கலைக் குறித்துக்கொள்ள முடிந்தது. ஹோட்டன் சமவெளியின் புல்வெளியிலும் 1960களில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள், பின்னர் கைவிட்டார்கள். உரம் தின்ற நிலத்தருகே ஓடும் நீரில் இன்று என்ன கோரை இருக்கிறது, முன்பு என்ன இருந்தது என்று கேட்பதற்கு, முன்பிருந்ததன் தாள் வேண்டும்.

இன்னும் பின்னே போகவும் வழியுண்டு. சமவெளியின் சதுப்புகளில் மக்கிய தாவரமண் மீற்றர் கணக்கில் படிந்திருக்கிறது. அதைத் துளைத்து, அடுக்கடுக்காக மகரந்தத்தை எண்ணிய பிரேமதிலக்கவும் ரிஸ்பெர்க்கும் சுமார் 24,000 ஆண்டுகளின் காலநிலை வரலாற்றை 2003இல் வெளியிட்டனர். அத்தகைய ஆய்வில் கோரை மகரந்தமும் எண்ணப்படும். ஆனால் மகரந்தத்தைக் கொண்டு கோரைக் குடும்பம் என்று சொல்லலாமே தவிர, இன்ன இனம் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. சதுப்பின் நினைவு நீளமானது, மங்கலானது. மலைத் தாளின் நினைவு இருநூறு ஆண்டுக்குட்பட்டது. ஆனால் இனத்தையும் நாளையும் சொல்லும்.

ஐந்தாம் நம்பர் மலைக்குக் கீழே

அக்ரா ஓயா ஹோட்டன் சமவெளியில் பிறந்து, அக்கரப்பத்தனைத் தேயிலைச் சரிவுகளுக்கிடையே இறங்கி மகாவலியோடு சேர்கிறது. சட்டத்தின் கணக்கில் மேலே ஒரு நிலம், கீழே இன்னொரு நிலம், நீருக்கு ஒன்றுதான். மேலே உள்ள கோரைகளின் எதிர்காலத்தைக் கணிக்க விரும்புகிறவர் கீழே உள்ளவற்றையும் பார்த்தாக வேண்டும். உரமும் களைநாசினியும் வடியும் ஓடையில் எந்தக் கோரை தாக்குப்பிடிக்கிறது, எது ஒதுங்குகிறது என்பதைத் தோட்டத்து நீர்நிலைகள்தான் காட்டும்.

பூங்காவுக்குள் ஓர் இலை பறிக்கவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். தோட்டத்து ஓடைக்கு நிர்வாகத்தின் சம்மதம் கேட்டால் போதும். பத்திரிகைத் தாளும் பென்சிலும் பழக்கமான கண்ணும் தேவை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தோட்டப் பாடசாலை மாணவருக்கு ஓர் ஆசிரியர் ஒரு மழைக்காலத்தில் இதைப் பழக்கிவிட முடியும்.

அவர்களிடம் துவெயிட்ஸிடம் இல்லாத ஒன்று ஏற்கனவே இருக்கிறது. தோட்டத்தில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. எந்தக் கான் எந்தப் பீலிக்கரைக்கு நீர் கொண்டுபோகிறது, எது பங்குனியில் வற்றும், எது வற்றாது என்பது லயத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். "மேல் டிவிஷன், ஐந்தாம் நம்பர் மலைக்குக் கீழே, பீலிக்குப் போகும் ஓடை, முழங்கால் ஆழம், மெதுவான நீர்" என்று எழுதி, உயரத்தையும் தேதியையும் சேர்த்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சி.பி. தாள்கள் பலவற்றைவிட நல்ல சீட்டு. நூறு ஆண்டு கழித்து வருகிற ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நேரே அந்த ஓடைக்குப் போய், அந்தக் கோரை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.